‘தில்லானா மோகனாம்பாள்’: பயணமும் நகையும் தன்மானமும்

இசைக்கலைஞரின் பயணம் தமிழ் மரபில் பெரும்பாலும் தலப்பயணமாகவே நினைவுகூரப்படுகிறது. திருத்தணியில் முருகன் வாயிலிட்ட கற்கண்டின் சுவையோடு முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) தம் முதற்கீர்த்தனையைப் பாடினார் என்னும் வழக்கு இதற்குச் சான்று. கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்னும் புனைபெயரில் 1950களில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை ‘தில்லானா மோகனாம்பாள்’ இம்மரபை வேறு திசையில் திருப்புகிறது. நாதசுரக் கலைஞனான அதன் நாயகன் முருகன் தலமான சிக்கலைச் சேர்ந்தவன், பெயரும் சண்முகசுந்தரம். எனினும் அவன் ஊர் ஊராகச் செல்வது கச்சேரிக்காக. செல்லுமிடங்களில் புரவலரின் பணத்தையும், அப்பணம் எதிர்பார்க்கும் பணிவையும் அவன் எதிர்கொள்கிறான்.

காதற்கதையாக மட்டும் வாசிப்போர்க்கு இதன் நகைச்சுவை இடைச்செருகலாகத் தோன்றலாம். உண்மையில் அது இருவேறு ஊற்றுகளிலிருந்து பிறக்கிறது. முதலாவது தோழமை. தவில் கலைஞர் முத்துராக்கு, நாடகக்காரி ஜில் ஜில் ரமாமணி ஆகியோரின் கலகலப்பு நாயகனின் முன்கோபத்திற்கு மாற்றாக அமைகிறது. இரண்டாவது தரகு. சவடால் வைத்தி சிரிப்பு மூட்டியவாறே மோகனாவைச் செல்வர்களிடம் விலைபேசுகிறான். தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நிறைவேறியதை நினைவிற்கொண்டால், இச்சிரிப்பின் அடியிலுள்ள கொடுமை விளங்கும். சட்டம் விலக்கிய உறவைத் தரகனின் நயமொழி உயிர்ப்பித்துக் காட்டுகிறது.

ஏ.பி. நாகராஜனின் 1968ஆம் ஆண்டுத் திரைப்படம் இவ்விரு நகைகளையும் தக்கவைத்தது. அதன் இரயில் காட்சியில் காதலரின் பார்வைகளுக்கிடையே முத்துராக்கு அமர்ந்திருக்கும் வேடிக்கை தோழமை நகைக்குச் சிறந்த சான்று. அதே பயணத்தில் மோகனாவுடன் வருபவள் அவளைக் காவல்காக்கும் தாய். நாயகனுக்குப் பயணம் நண்பர்களைத் தருகிறது. நாயகிக்குக் கண்காணிப்பைத் தருகிறது. போட்டியின் முடிவில் சண்முகசுந்தரமே அவளுக்குத் ‘தில்லானா’ பட்டத்தை வழங்குவதும் இங்குக் கருதத்தக்கது. அவளது கலைக்குரிய மதிப்பும் ஆணின் வாய்மொழியாலேயே உறுதிப்படுகிறது.

கலைஞனின் தன்மானத்தைச் சிரிப்பின் வழியே நிலைநாட்டியது இப்படைப்பின் வெற்றி. அத்தன்மானத்தை ஆடுமகளுக்கும் நிகராகப் பகிர்ந்தளிக்காமையே அதன் எல்லை எனலாம்.