‘வெண்பா’ கணினி விளையாட்டு: நிறையும் குறையும்

கணினி விளையாட்டு என்றதும் தமிழாசிரியர் பலருக்கும் முதலில் தோன்றுவது, மாணவரின் படிப்பு கெடுகிறதே என்னும் கவலைதான். அக்கவலையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் கதை, உரையாடல், ஓவியம், இசை ஆகியவற்றோடு ஆடுவோரின் செயலையும் தன் உறுப்பாகக் கொண்ட ஒரு படைப்பு, தமிழர் வாழ்வையே பாடுபொருளாக எடுத்துக்கொள்ளுமாயின், புதினத்தையும் நாடகத்தையும் திறனாய்வது போலவே அதனையும் திறனாய்ந்தாக வேண்டும். 2023ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் வெளிவந்த ‘வெண்பா’ அத்தகைய படைப்பு. கனடாவின் டொராண்டோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் இதனை உருவாக்கியது. 2024ஆம் ஆண்டில் சுயேச்சை விளையாட்டுகளுக்கான விழாவின் சியூமஸ் மெக்னாலி பெரும்பரிசும், பாஃப்டா என வழங்கும் பிரித்தானியக் கலைக்கழகத்தின் முதல் முயற்சிக்கான விருதும் இதற்குக் கிட்டின. விருதுகளைக் கொண்டு நாம் இதனை மதிப்பிடப் போவதில்லை. எனினும், தமிழ் அறியாத பெருந்தொகையினர் தமிழர் இல்லம் இப்படித்தான் இருக்கும் என இதன்வழி அறிந்துகொள்கின்றனர். ஆகவே இதன் நிறைகுறைகளைச் சொல்லும் பொறுப்பு நமக்கு உண்டு.

இவ்விளையாட்டைத் தமிழாசிரியர் இருவருடன் நாம் பெக்கான் நானாஸில் அமர்ந்து ஆடினோம். இடத்தைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. ஜொகூர் மாநிலத்தின் பொந்தியான் மாவட்டத்தைச் சேர்ந்த இச்சிறுநகரின் பெயருக்கு ‘அன்னாசி நகர்’ என்பதே பொருள். சதுப்புநிலக் கரிமண்ணில் விளையும் அன்னாசியே ஊருக்குப் பெயரும் பிழைப்பும் தந்தது. சீனர் மிகுதியாகவும், அடுத்து மலாய்க்காரரும், அவர்களிடையே தமிழர் சிறு தொகையினராகவும் வாழும் ஊர் இது. இங்கு வளரும் தமிழ்க்குழந்தை வீட்டை விட்டு நான்கு அடி வைத்தாலே வேறு மொழிக்குள் நுழைகிறது. புலம்பெயர்ந்த குடும்பம் ஒன்றில் தமிழ் தேய்ந்துபோகும் கதையை இத்தகைய ஊரில் இருந்துகொண்டு காண்பது, சென்னையிலோ டொராண்டோவிலோ இருந்துகொண்டு காண்பதினின்றும் வேறுபட்டது.

கதை எளியது. 1988ஆம் ஆண்டு கனடாவில் குடியேறி வாழும் இளம் இணையர் வெண்பாவும் பாவலனும். தாயகம் திரும்பிவிடலாமா என்னும் தயக்கத்தில் இருக்கும்போது வெண்பா கருவுற்றிருப்பது தெரியவருகிறது, தங்கிவிடுகின்றனர். மகன் கவின் பிறந்து வளர்கிறான். வளர வளரத் தாய்மொழியிலிருந்தும் தாயின் சமையலிலிருந்தும் விலகுகிறான். பின்னர்த் திரும்பி வர முயல்கிறான். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் ஆடி முடிக்கத்தக்க இக்கதை, ஆண்டுகளைத் தாண்டித் தாண்டிச் செல்லும் சில இயல்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வோர் இயலுக்கும் ஓர் உணவு: இட்டலி, பிட்டு, பிரியாணி எனத் தொடர்கிறது. ஆடுபவர் அதனைச் சமைக்க வேண்டும்.

இதன் தலையாய சிறப்பு, வெண்பா தன் தாயிடமிருந்து பெற்றுவந்த சமையற்குறிப்பு ஏட்டில் அமைந்துள்ளது. அவ்வேடு சிதைந்தது, சில வரிகள் அழிந்துவிட்டன, சில இடங்களில் படம் மட்டும் எஞ்சி நிற்கிறது. அழிந்த பகுதியில் என்ன இருந்திருக்கும் என எஞ்சியதைக் கொண்டு உய்த்துணர்ந்தால்தான் உணவு உருவாகும். சுவடிப் பதிப்பில் ஈடுபட்டோர் இதனைக் கண்டதும் புன்னகை புரிவர். செல்லரித்த ஏட்டில் விடுபட்ட சீரை ஓசையும் பொருளும் கொண்டு நிரப்பும் பதிப்பாசிரியரின் வேலையே இங்கு இட்டலித் தட்டின் முன் நிகழ்கிறது. முதல் இயலில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிகளுக்கும் செல்லும் என்பதே புதிர். ஏடு சொல்லாததை ஆவியின் இயல்பு சொல்லுகிறது. நாள்தோறும் இட்டலி உண்போருள்ளும் எத்தனை பேர் அதனை எண்ணிப் பார்த்திருப்பர்? உடனிருந்த ஆசிரியருள் ஒருவர் இரண்டு முறை தவறினார். தம் தாயார் இதனைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார் என்றார். கையறிவு தலைமுறை கடக்கும்போது எழுத்தறிவாக மாறுகிறது, எழுத்தும் அழிந்தால் ஊகமாக மாறுகிறது. இம்மாற்றத்தை உரையாடலால் விளக்காமல் ஆடுபவரின் கையாலேயே உணர்த்தியிருப்பது விளையாட்டு என்னும் வடிவத்துக்கே உரிய வெற்றி. இதே கதையைக் குறும்படமாக எடுத்திருந்தால் இவ்வுணர்வு கிட்டியிராது.

பிட்டு இயலும் அவ்வாறே. குழலுக்குள் துளைத்தட்டு, அரிசிமாவு, தேங்காய்ப்பூ எனும் முறைவைப்பே அங்குப் புதிர். பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலை வகுப்பில் நடத்தும் ஆசிரியர், வந்தி பிட்டு அவித்த முறையை மாணவருக்கு விளக்கத் திணறியிருப்பாராயின், இவ்வியல் அவருக்கு உதவும் என வேடிக்கையாகச் சொல்லலாம்.

உணவை இப்படைப்பு கையாளும் முறை இலக்கண நூலார்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் கருப்பொருள்களுள் ஒன்றாக உணாவை வைத்துள்ளது. கருப்பொருள் உரிப்பொருளைச் சிறப்பிக்கத் துணைநிற்பது அகமரபு. இங்கும் அவ்வாறே தாய், மகன் பிரிவு உரையாடலில் பேசப்படுவதைவிடப் பாத்திரங்களில் மிகுதியாகப் பேசப்படுகிறது. வளர்ந்துவிட்ட மகனுக்காகத் தாய் பல பண்டங்களை ஒருசேரச் சமைக்கும் இயலை இதற்குச் சான்றாகக் காட்டலாம். அச்சமையலின் பரபரப்புக்கும் அதன்பின் வரும் அமைதிக்கும் இடையே உள்ள தொலைவில்தான் அவ்வியலின் துயரம் தங்கியிருக்கிறது. அழுகையோ நெடிய வசனமோ அதற்குத் தேவைப்படவில்லை.

இசையைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. சமைக்கும்போது வானொலியில் ஒலிக்கும் பாடல்கள் இவ்விளையாட்டுக்கென இயற்றப்பட்டவை. கதையின் ஆண்டு நகர நகரத் தமிழ்த் திரையிசையின் நடையும் அவற்றில் மாறுகிறது. காலக் கடப்பைக் காதுக்கு உணர்த்தும் இவ்வுத்தி செம்மையானது. கடுகு பொரியும் ஓசையும் ஆவி எழும் ஓசையும் அடுக்களையை நேரில் கொண்டுவந்து நிறுத்துகின்றன.

இனிக் குறைகளுக்கு வருவோம். வெண்பா வேற்றுத்தளை விரவாத யாப்பு என்பதை நம் மாணவரும் அறிவர். இவ்விளையாட்டுக்குத் தலைவியின் பெயரோடு அப்பாவினத்தின் கட்டுக்கோப்பும் சேர்ந்தே வாய்த்துவிட்டது போலும். ஒவ்வொரு புதிருக்கும் ஒரே விடை. தவறினால் மீண்டும் செய்யலாம், குறிப்பும் தரப்படும். ஆனால் தவறு கதைக்குள் எதையும் மாற்றுவதில்லை. உரையாடலில் தெரிவுகள் தரப்படினும், எதனைத் தெரிந்தாலும் கதை தன் தடத்திலேயே செல்கிறது. 2020ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் டோகே புரொடக்‌ஷன்ஸ் வெளியிட்ட ‘காபி டாக்’ என்னும் விளையாட்டை இங்கு ஒப்புநோக்கலாம். அதில் வாடிக்கையாளர்க்கு மாறான பானத்தைக் கலந்து கொடுத்தால் அவர்தம் வாழ்வின் போக்கும் மாறக்கூடும். கலப்பவர் தம் கைப்பிழைக்குப் பொறுப்பேற்க நேர்கிறது. ‘வெண்பா’வில் அப்பொறுப்பு இல்லை. எனவே, மகனோடு எந்த மொழியில் பேசுவது, எதற்கு விட்டுக்கொடுப்பது என ஒரு தாய் நாள்தோறும் எடுக்கும் முடிவுகளின் கனம் ஆடுபவர் மேல் இறங்குவதில்லை. அவர் பார்வையாளராகவே நின்றுவிடுகிறார்.

இதனைத் தொழில்நுட்பக் குறையாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. ஒரே விடை என்னும் அமைப்பு, மரபைப் பற்றிய ஒரு கருத்தையும் உடன் கொண்டுவருகிறது. முதலில் முழுமையான ஏடு ஒன்று இருந்தது, அது சிதைந்தது, அதனைப் பழையபடி மீட்பதே வழித்தோன்றலின் கடமை என்பது அக்கருத்து. இழத்தல், மீட்டல் என்னும் இரண்டைத் தவிர மூன்றாவதொன்றை இவ்விளையாட்டின் அடுக்களை அறியாது.

பெக்கான் நானாஸின் அடுக்களைகளோ அம்மூன்றாவதில்தான் வாழ்கின்றன. அன்னாசி என்னும் தமிழ்ச்சொல்லும் நானாஸ் என்னும் மலாய்ச்சொல்லும் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த ஒரே சொல்லின் இரு வடிவங்கள். மலாய் விருந்துகளில் பரிமாறப்படும் ‘பச்ரி நானாஸ்’ என்னும் அன்னாசிக் கறியின் பெயரில் நம் பச்சடி ஒலிப்பதாகவே நம் காதுக்குப் படுகிறது. நம் அப்பம் மலாயில் ‘அப்பாம்’ ஆயிற்று. இடியாப்பம் இந்நாட்டில் ‘புட்டு மாயம்’ என்னும் பெயரில் எல்லா இனத்தாரும் வாங்கி உண்ணும் பலகாரம். தமிழ் வீட்டுக் கறியிலும் பண்டான் இலை விழுகிறது. சம்பால் இல்லாத நாசி லெமாக்கைத் தமிழ்க்குழந்தையும் ஏற்பதில்லை. இவற்றுள் எது சிதைவு, எது மீட்பு? பாட்டியின் ஏட்டில் இல்லாத பண்டான் இலையைப் பெயர்த்தி தன் ஏட்டில் எழுதிச் சேர்ப்பதை இழப்பு என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. புலம்பெயர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட படைப்பு, புலம்பெயர்ந்த மண் சமையற்குறிப்பில் புதிதாக ஒரு வரியையேனும் எழுத இடங்கொடுத்திருக்க வேண்டும்.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. இக்கதையில் குடும்பம் இருக்கிறது, சமூகம் இல்லை. கதை தொடங்கும் 1988ஆம் ஆண்டைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் ஈழத்தமிழர் பெருந்தொகையாகக் கனடாவுக்கு ஏதிலிகளாக வந்துகொண்டிருந்த காலம் அது. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து தமிழர் 155 பேர் மீட்கப்பட்ட செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் டொராண்டோ பெருநகர்ப் பகுதி, தெற்காசியாவுக்கு வெளியே தமிழர் மிகுதியாக வாழும் இடங்களுள் ஒன்றாயிற்று. கடைகளும் கோயில்களும் தமிழ் வகுப்புகளும் இதழ்களும் அங்குத் தோன்றின. இவற்றுக்குக் கதையின் மையத்தில் இடமே இல்லை. தமிழகத்திலிருந்து சென்ற குடும்பம் தனித்து வாழ்வதும் மெய்யான அனுபவந்தான். அதனை எழுதும் உரிமை படைப்பாளிக்கு உண்டு. நாம் வினவுவது அத்தெரிவின் விளைவை. சமூகத்தை அகற்றியதும், மொழி நிலைப்பதற்கும் அழிவதற்கும் உரிய முழுப்பொறுப்பும் தாயின் கரண்டியிலும் மகனின் நாவிலும் வந்து விழுகிறது. மகன் தமிழ் பேசவில்லையாயின் ஒருவர்க்கு ஏக்கம், மற்றவர்க்குக் குற்றவுணர்ச்சி. அதற்குமேல் ஆராய்வதற்கு ஒன்றும் எஞ்சுவதில்லை.

மலேசியத் தமிழர் வரலாறு வேறு விடை தருகிறது. 1816ஆம் ஆண்டு பினாங்கில் தொடங்கிய தமிழ்க்கல்வி இன்று 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் தொடர்கிறது. தாய்மாரின் அன்பு மட்டுமே அதனை இத்தனை காலம் காத்திருக்க முடியாது. பள்ளியும் நாளிதழும் வானொலியும் கோயில் திருவிழாவும் மன்றங்களும் சேர்ந்து காத்தன. அவை தளர்ந்த இடங்களில் எத்துணை அன்புள்ள வீட்டிலும் தமிழ் தளர்ந்ததை ஆசிரியர் அறிவர். வகுப்பறையில் ஒரு பிள்ளை தமிழில் விடைசொல்லத் தயங்கும்போது அதன் தாயைக் குறைகூறுவது எளிது. ‘வெண்பா’, தன்னை அறியாமலே, அவ்வெளிய வழக்குக்குத் துணைபோய்விடுகிறது.

ஒன்றரை மணி நேரப் படைப்பிடம் இத்துணையும் எதிர்பார்க்கலாமா எனச் சிலர் வினவலாம். சுருக்கம் குறையன்று, நான்கடிக்குள் ஓர் உலகைக் காட்டும் பாடல்களைப் பயிற்றுவோர் நாம். அண்டை வீட்டுத் தமிழ்ப்பெண் ஒருத்தி பிட்டு மாவைத் தன் ஊர் வழக்கப்படி பிசையும் ஒரு காட்சி போதும். இருவேறு தமிழும் இருவேறு பிட்டும் ஒரே குழலின்முன் நின்றிருக்கும். அதற்குச் சில நிமிடங்களே செல்லும்.

ஆயினும் கவின் தானே அந்த ஏட்டைக் கையில் எடுக்கும் பகுதி, நாம் மேலே சொன்ன குறைகளை ஓரளவு ஈடு செய்கிறது. அதுவரை ஏட்டைப் படித்தவள் தாய். எனவே ஆங்கில வழி ஆடுபவர்க்கும் அது தடையின்றி விளங்கியது. மகனுக்கோ தமிழ் பேச ஓரளவு வரும், படிப்பது கடினம். கறை படிந்த தாளை முன்பு உய்த்துணர்ந்த அதே ஆடுபவர் இப்போது எழுத்தின் முன்னேயே தடுமாறுகிறார். நம்மோடு ஆடிய ஆசிரியர்களுக்கு இவ்விடத்தில் விந்தையான நிலை ஏற்பட்டது: கவினால் படிக்க இயலாததை அவர்களால் எளிதிற் படிக்க முடிந்தது. உலகெங்கும் இதனை ஆடுவோருள் மிகச் சிலருக்கே வாய்க்கும் பேறு அது. தமிழ் எழுத்தறிவு ஒரு கணினி விளையாட்டில் ஆடுபவர்க்கு முன்னுரிமை தருவதை நாம் இதற்குமுன் கண்டதில்லை. படைப்பாளர் இவ்வழியில் இன்னும் துணிந்து சென்றிருக்கலாம்.

வகுப்பறையில் இதனைப் பயன்படுத்த விரும்பும் ஆசிரியர்க்கு நம் பரிந்துரை இது. விளையாட்டைத் திரையில் காட்டுவதற்கு முன், ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டில் சமைக்கும் உணவு ஒன்றின் செய்முறையைக் கேட்டு எழுதி, அதில் ஒரு படிநிலையை அழித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுக்கட்டும். அவர் அதனை நிரப்பட்டும். எழுதுவதில் பண்டானும் சம்பாலும் பெலாச்சானும் வரும். வரட்டும், அவற்றுக்காக மதிப்பெண் குறைக்க வேண்டா. ‘வெண்பா’வின் முதல் இயலை அதன்பின் ஆடச் செய்தால், இட்டலித் தட்டின் முன் அவர்கள் வெறும் பார்வையாளராக அமரமாட்டார்கள்.