என் வாசலில் காயாம்பூ

காயாம்பூ வண்ணன் என்று திருமாலைச் சொல்லக் கேட்டே வளர்ந்தவன் நான். அந்தப் பூவை மட்டும் நாற்பது வயது வரை பார்த்ததில்லை. பார்த்த இடம் எங்கள் அச்சரப்பாக்கம்தான், வஜ்ரகிரி மலை அடிவாரத்துப் புதர்!

சித்திரையில் இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஆட்சீஸ்வரர் கோயிலின் தலமரமான சரக்கொன்றையை ஊரே அறியும். அதன் மஞ்சளைத் தேடிப் போனவன், ஆளுயரச் செடி ஒன்றின் முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். குச்சி குச்சியாக நீலம்! இலை உதிர்ந்த பழைய கணுக்களில் கொத்துக் கொத்தாகப் பூ ஒட்டிக்கொண்டிருந்தது. மொட்டில் இளஞ்சிவப்பு ஓடும், விரிந்தால் கருநீலம். சுண்டுவிரல் நகம்கூடத் தேறாத பூவுக்கு நான்கு இதழ், எட்டு மகரந்தத் தாள். அத்தனையும் நீலம்.

“ஆயா, இது என்ன செடி?” என்று ஆடு ஓட்டிவந்த பெரியம்மாவிடம் கேட்டேன்.

“இதுகூடத் தெரியாதா தம்பி? காசா. ஒரு கம்பை ஒடிச்சுப் பாரு, கை வலிக்கும்.”

நிஜமாகவே வலித்தது. இரும்பு போன்ற கட்டை. காயாதான் காசா என்று வீட்டுக்கு வந்து புத்தகம் புரட்டியபோது தெரிந்தது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் இதுவும் ஒன்று. தாவரவியலார் மெமிசிலான் அம்பெல்லேட்டம் என்பார்கள். 1768-இல் பர்மன் இட்ட பெயர்.

பூ இல்லாத நாளில் நாவல் கன்று என்று ஏமாந்துவிடுவீர்கள். இலையைக் கசக்குங்கள். நாவல் என்றால் வாசனை வரும், காசாவில் வராது. வெளிச்சத்தில் பிடித்தால் நடுநரம்பு பளிச்சென்று தெரியும், பக்க நரம்புகளைத் தேடத்தான் வேண்டும். இலைகள் எதிரெதிராக, தோல் மாதிரித் தடிப்பாக இருக்கும். காய்ந்தால் மஞ்சளாகிவிடும்.

அந்த இலைக்குப் பெரிய கதை உண்டு. மண்ணிலிருந்து அலுமினியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும் செடி இது. துணியில் சாயம் பிடிக்க அதுதான் தேவை. சாயவேரின் சிவப்பை நூலில் நிறுத்த, சோழமண்டலக் கரைச் சாயக்காரர்கள் காசா இலையைச் சேர்த்தார்கள். கடல் தாண்டிப் போன நம் சிவப்புத் துணியில் இந்தப் புதருக்கும் பங்குண்டு என்று நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது.

மழை சில மாதம், வெயில் மிச்ச மாதம் என்ற இந்தக் கரையில் இலை உதிர்க்காமல் நிற்கும் காடு அபூர்வம். காசா அந்தக் காட்டுச் செடி. புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குப் போனால் காசா நிழலிலேயே நடக்கலாம்.

காட்டிலிருந்து பிடுங்கி வராதீர்கள், வேர் அறுந்தால் பிழைக்காது. கறுத்த பழம் பொறுக்கி, சதையைத் தேய்த்துக் கழுவி, அந்த வாரமே விதைக்க வேண்டும். முதல் வருஷம் நான் விதையைக் காயவைத்தேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. அடுத்த முறை செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்து பன்னிரண்டு விதை போட்டதில் ஐந்து வந்தன. ஒன்றை வாசலில் வைத்தேன். வளர்த்தி மெதுவோ மெதுவு. மூன்று வருஷத்தில் முழங்கால் உயரம்தான். முதலிரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றினேன், கொஞ்சம் நிழலும் கொடுத்தேன். அப்புறம் அது என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கத்திரி வெயிலில் பக்கத்துக் குரோட்டன்ஸ் துவண்டு கிடக்க, இது மினுமினுவென்று நிற்கும்.

ஏழாம் வருஷம் வாசல் செடி பூத்தது. விடியற்காலையில் கோலம் போடப் போன என் மனைவி, “ஏங்க, ஓடி வாங்க!” என்று கத்தினாள். அடித்தண்டிலிருந்து நுனிக்குச்சி வரை நீலம், அதன்மேல் தேனீ இரைச்சல். அன்று கோலம் பாதியிலேயே நின்றது.

இந்த வருஷமும் பூத்து, இப்போது காய் பிடித்திருக்கிறது. கறுத்ததும் பிள்ளைகள் தின்று நாக்கை ஊதாவாக்கிக்கொண்டது போக, மிச்சமெல்லாம் விதைக்குத்தான். இருபது பைகளில் மண் நிரப்பி வைத்துவிட்டேன். முளைத்த பிறகு அச்சரப்பாக்கம் பக்கம் வருகிறவர்கள் ஆளுக்கொரு கன்று எடுத்துப் போங்கள்.