வரைபடத்தில் இல்லாத இறுக்கம்

போர் விமானத்தில், ஆபத்து நேரத்தில் விமானியை வெளியே வீசிக் காப்பாற்றும் எஜெக்‌ஷன் சீட் பல ஆண்டுகள் சும்மா கிடக்கும். கைப்பிடி இழுபட்ட கணத்திலிருந்து ஏறத்தாழ மூன்று விநாடிக்குள் தன் வேலை முழுவதையும் பிழையில்லாமல் முடிக்க வேண்டும். விமானத்தில் பொருத்தப்போகும் அதே சீட்டை ஒருமுறை வெடித்துப் பார்த்துத் திருப்தியடைய வழியில்லை. அதனால்தான் இதன் வடிவமைப்பில் கணினி சிமுலேஷனுக்கு இவ்வளவு மவுசு. நிஜச் சோதனைகளை அது குறைக்கும், நாளடைவில் அவற்றுக்குத் தேவையே இருக்காது என்று வாதிடுவோர் உண்டு. இந்த வாதத்தின் முதல் பாதியை ஏற்கிறேன். இரண்டாவது பாதி உயிருக்கு ஆபத்தானது.

முதலில் சிமுலேஷனுக்குச் சேர வேண்டிய பெருமையைச் சொல்லிவிட வேண்டும். சீட்டின் முதுகிலுள்ள குழாய்த் துப்பாக்கி வெடித்து விமானியைத் தண்டவாளத்தின் வழியே மேலே தள்ளும்போது அவர் உடலின் எடை பத்துப் பதினைந்து மடங்காகிறது. வெளியே வந்ததும் காற்று அறைகிறது. கடல்மட்ட உயரத்தில் 600 நாட் வேகம் என்றால் அந்த அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 6 டன். இவையெல்லாம் விநாடியின் சிறு பங்குக்குள் ஏறி இறங்குகின்றன. மெதுவாக வளைத்தால் ஒரு மாதிரி நடந்துகொள்ளும் உலோகம், இந்த வேகத்தில் அடித்தால் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

இதைக் கணினி எப்படிக் கையாளுகிறது என்று அருகில் போய்ப் பார்த்தால் வியப்பாகத்தான் இருக்கும். சீட்டின் சட்டம் முழுவதையும் சிறுசிறு துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஒரு துண்டின் நீளம் 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். எஃகில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 5 கி.மீ. செல்லும், அந்தத் துண்டைக் கடக்க அதற்கு ஒரு மைக்ரோவிநாடி போதும். அதைவிட நீண்ட இடைவெளியில் கணக்குப் போட்டால் விடை சிதறிவிடும். ஆகவே துப்பாக்கி இயங்கும் 0.2 விநாடிக்கு மட்டும் இரண்டு லட்சம் படிகள், ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு துண்டுக்கும் கணக்கு. பலன் என்ன? எந்த பிராக்கெட்டின் எந்த மூலை முதலில் நெளிகிறது, அந்த நெளிவு தண்டவாளத்தில் சீட்டைச் சிக்கவைக்குமா என்பது தெரிந்துவிடுகிறது. அதிவேக கேமராவால் உலோகத்தின் உள்ளே பார்க்க முடியாது. நிஜச் சோதனையில் சீட்டைச் சுமந்து தண்டவாளத்தில் பாயும் ராக்கெட் ஸ்லெட் நேர்கோட்டில்தான் ஓடும். நிஜத்தில் விழும் விமானமோ புரண்டு, சரிந்து, இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த நூற்றுக்கணக்கான கோணங்களைக் கணினியில் மட்டுமே வரிசையாக ஓட்டிப் பார்க்க முடியும்.

அறம் சார்ந்த பெருமையும் அதற்கு உண்டு. 1946 ஜூலை 24 அன்று சீட் தயாரிக்கும் மார்ட்டின்-பேக்கர் நிறுவனத்தின் பெர்னார்ட் லிஞ்ச், பறந்துகொண்டிருந்த மீட்டியர் விமானத்திலிருந்து தன்னையே சோதனைப் பொருளாக்கி வெளியே பாய்ந்தார். 1954 டிசம்பரில் அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப், ராக்கெட் ஸ்லெட்டில் அமர்ந்து 46 மடங்கு புவியீர்ப்பு வேகக்குறைப்பைத் தன் உடலில் வாங்கினார். இன்று யாரும் அப்படித் தன்னைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. அதற்கு, மனிதருக்குப் பதிலாகச் சீட்டில் அமர்த்தும் பொம்மைகளோடு கணினிக் கணக்கும் ஒரு காரணம்.

உலோகத்தை விட்டு உடலுக்கு வரும்போது கணக்கின் பிடி தளர்கிறது. முதுகெலும்பு முறியும் அபாயத்தை அளக்கப் பல காலமாகப் பயன்பட்டுவரும் சூத்திரம், மனிதனை ஒரு நிறை, ஒரு ஸ்பிரிங், ஒரு தணிப்பான் என்று சுருக்கிவிடுகிறது. விடை 18 வந்தால் ஏறத்தாழ 5 சதவீத அபாயம் என்று கொள்வார்கள். நேராக நிமிர்ந்து அமர்ந்த, சராசரி உடல்வாகு கொண்ட ஒருவருக்கு இது நன்றாகவே பொருந்தும். கழுத்தைப் பற்றி அது ஒன்றுமே சொல்வதில்லை. சீட்டின் சட்டத்துக்குப் பத்து லட்சம் துண்டுகளாலான மாதிரியைக் கட்டிவிட்டு, அதில் அமரும் மனிதரை ஒரு ஸ்பிரிங்காக வைத்தால், முழுக் கணக்கின் நம்பகத்தன்மையும் அந்த ஸ்பிரிங்கின் அளவுக்கே இறங்கிவிடும். எலும்பும் தசையும் கொண்ட நுணுக்கமான உடல் மாதிரிகள் இப்போது வந்திருப்பது உண்மை. ஆனால் அவற்றைச் சரிபார்க்க உயிருள்ள கழுத்தை முறித்துப் பார்க்க முடியாது.

இந்தக் குறையின் விலையை எஃப்-35 போர் விமானம் காட்டியது. 47 கிலோ முதல் 111 கிலோ வரையுள்ள விமானிகளுக்குப் பொருந்த வேண்டும் என்பது அதன் சீட்டுக்கு விதித்த நிபந்தனை. கணினிப் பகுப்பாய்வு எங்கும் புழங்கிய காலத்தில் உருவான சீட் அது. ஆனாலும் 2015-ல் எடை குறைந்த பொம்மைகளை வைத்து நடத்திய சோதனைகள்தான் கழுத்துக்கு வரும் ஆபத்தை அம்பலப்படுத்தின. 62 கிலோவுக்குக் குறைவான விமானிகள் அந்த விமானத்தை ஓட்டக் கூடாதென்று அந்த ஆண்டே தடை வந்தது. தீர்வு மூன்று வழியில் வந்தது. ஹெல்மெட்டின் எடையைக் குறைத்தார்கள். எடை குறைந்தவர்களுக்குப் பாராசூட் சற்றுத் தாமதமாக விரிய ஒரு சுவிட்ச் வைத்தார்கள். தலை பின்னால் மடியாதபடி பாராசூட் பட்டைகளுக்கு இடையே துணித் தடுப்பு ஒன்றைத் தைத்தார்கள். தடை 2017-ல் நீங்கியது. சீட்டின் எலும்புக்கூடு வலுவாகவே இருந்தது. பலவீனம் மனிதர், ஹெல்மெட், பட்டை மூன்றும் சேரும் இடத்தில் இருந்தது.

என் தீர்ப்பை உறுதியாக்குவது ஒரு விபத்து. 2011 நவம்பர் 8 அன்று இங்கிலாந்தின் ஸ்காம்ப்டன் விமானத்தளத்தில், தரையில் நின்றிருந்த ஹாக் விமானத்திலிருந்து பிரிட்டிஷ் விமானப்படையின் ரெட் ஆரோஸ் சாகசக் குழுவின் விமானி ஒருவர் எதிர்பாராமல் வெளியே வீசப்பட்டார். நின்ற நிலையிலும் காப்பாற்றும் சீட் அது. துப்பாக்கியும் ராக்கெட்டும் தம் வேலையைச் செய்தன. பாராசூட் மட்டும் விரியவில்லை. முதலில் விரியும் சிறு பாராசூட்டோடு இணைந்த ஷாக்கிள் என்ற உலோகக் கொக்கி, தன்னைப் பிடித்திருக்கும் இன்னொரு ஷாக்கிளிலிருந்து நழுவி விடுபட வேண்டும். அப்போதுதான் பெரிய பாராசூட் இழுபடும். அந்த இடத்து போல்ட்டின் நட் அளவுக்கு மீறி முறுக்கப்பட்டிருந்ததால் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டன. விமானி இறந்தார். குற்றத்தை ஒப்புக்கொண்ட மார்ட்டின்-பேக்கர் நிறுவனத்துக்கு 2018-ல் 11 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

நட்டை முறுக்கினால் ஷாக்கிளின் காது எவ்வளவு வளையும், இடைவெளி எப்போது பூஜ்யமாகும் என்பது சிமுலேஷனுக்கு எளிய கணக்கு. பெரிய கணினிகூட வேண்டாம். ஆனால் வரைபடத்தில் அந்த இடைவெளி சரியாகத்தான் இருக்கும். மாதிரியை வரைபடத்திலிருந்து கட்டுகிறவர் அந்தக் கேள்வியைத் தானாகக் கேட்க மாட்டார். கணினி ஆராய்வது வரைந்த சீட்டை. விமானி அமர்வதோ பலர் கழற்றி மாட்டிய, வெயிலிலும் ஈரத்திலும் கிடந்த சீட்டில். 2022-ல் எஃப்-35 சீட்டின் கார்ட்ரிட்ஜ் ஒன்றில் குறை தெரிந்து, அந்த விமானங்களும் சில ரகப் பயிற்சி விமானங்களும் தரையில் நிறுத்தப்பட்டன. உள்ளே நிரப்ப வேண்டிய மருந்து நிரப்பாமல் விடப்பட்டிருக்கலாம் என்பதே சந்தேகம். இதைக் கண்டுபிடித்தது வழக்கமான பரிசோதனை.

மாதிரி மேம்பட மேம்பட இந்தக் குறைகளும் தீரும் என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். பாதி தீரும். இறுக்கம், தேய்மானம், பட்டையின் வயது ஆகியவற்றை ஆயிரம் விதமாக மாற்றி மாற்றி ஓட்டலாம், ஓட்டவும் வேண்டும். சிமுலேஷனின் மிகப் பெரிய பயன் அங்கேதான் என்று நினைக்கிறேன். எடையைக் குறைக்க உலோகத்தைச் செதுக்குவதற்கே அதை அதிகம் செலவிடுவது அதன் ஆற்றலை வீணாக்குவது. ஆனால் எதை மாற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்வது மனிதர்தான். அவருக்குத் தோன்றாததைக் காட்டித் தருவது நிஜச் சோதனை.

2025 டிசம்பரில் சண்டிகரில் இந்தியாவின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. நடத்திய சோதனை இங்கே நினைவுக்கு வருகிறது. தேஜஸ் விமானத்தின் முன்பகுதியை ராக்கெட் ஸ்லெட்டில் ஏற்றி, மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் காக்பிட் மூடியைப் பிளந்து, கருவிகள் பொருத்திய பொம்மையை வெளியேற்றினார்கள். அந்த வசதிக்குச் செலவழித்தது சரி.

ஆகவே சட்டம், தண்டவாளம், பிராக்கெட் ஆகியவற்றின் வடிவமைப்பில் சிமுலேஷனை முழுமையாக நம்பலாம்; அங்கே சோதனைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதும் நியாயமே. மனித உடலைத் தொடும் எதிலும், கழன்று விடுபட வேண்டிய எதிலும், எந்தச் சோதனையை நடத்துவது என்று சொல்லும் உரிமை மட்டுமே அதற்கு உண்டு. அதிலும் ஸ்லெட் ஓடுவதற்கு முன்பே கணிப்பை எழுதி ஒப்படைத்துவிட வேண்டும். முடிவு வந்தபின் மாதிரியைத் திருத்தி, பொருந்துகிறது என்று அறிக்கை தருவதைச் சான்றாக ஏற்கக் கூடாது. ஹெல்மெட்டின் எடை சில நூறு கிராம் கூடினாலும் மிக இலேசான பொம்மையை மறுபடி தண்டவாளத்தில் ஏற்றியாக வேண்டும். செலவைக் காரணம் காட்டி அந்த ஓட்டத்துக்கு விலக்குக் கேட்டால் தரக் கூடாது.