சும்மா கிடந்த பதினாறு பிட்

ஈத்தர்நெட் ஃப்ரேமை யூடிபி பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பும் விஎக்ஸ்லான் முழுவதிலும் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம், வெளி உறையின் யூடிபி தலைப்பில் இருக்கும் சோர்ஸ் போர்ட். அதன் அருமை தெரிய, முந்தைய ஏற்பாட்டைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஐபி பாக்கெட்டில் டிடிஎல் என்ற ஆயுள் எண் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும்; பூஜ்யமானால் பாக்கெட் ஒழிந்தது. ஈத்தர்நெட் ஃப்ரேமுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவே கேபிள் ஒன்று கூடுதலாக விழுந்தால் போதும், ஒரேயொரு பிராட்காஸ்ட் சுற்றிச் சுற்றிப் பெருகி நெட்வொர்க்கையே முடக்கிவிடும். 1985இல் டெக் நிறுவனத்தில் இருந்த ரேடியா பெர்ல்மன் இதற்குக் கண்ட வழிதான் ஸ்பானிங் ட்ரீ. லூப் உண்டாக்கும் லிங்குகளை அடைத்துவிட்டு, மிச்சத்தை மரமாக்குவது.

எங்கள் சாமராஜநகர் மாவட்டத்தில், குண்டுலுப்பேட்டை தாண்டிய பந்திப்பூர் காட்டுச் சாலையை 2009 முதல் இரவு 9 மணிக்கு அடைத்துக் காலை 6 மணிக்குத் திறக்கிறார்கள். சாலையில் பழுதில்லை, காட்டுயிர் பிழைக்கத்தான் அடைப்பு. ஸ்பானிங் ட்ரீ அடைக்கும் லிங்கும் குறையற்றது, நியாயமான காரணத்துக்காக அடைபட்டது. ஆனால் அதற்கு விடியலே கிடையாது. வேறொரு லிங்க் அறுந்தால்தான் திறக்கும், பழைய 802.1டி கணக்கில் அதற்கும் 30 முதல் 50 வினாடி ஆகும்.

சர்வர்கள் தங்களுக்குள்ளேயே ஓயாமல் பேசும் டேட்டா சென்டரில் இப்படி லிங்கை அடைத்துவைப்பது கட்டுப்படியாகாது. அதனால் இரண்டு ஸ்விட்சுகளை ஒன்றுபோலக் காட்டும் எம்லாக் வந்தது. பெர்ல்மனே முன்னின்று, ஃப்ரேமுக்கு ஆயுள் எண் தந்த டிரில்லைக் கொண்டுவந்தார். 2011இல் அது தரமாக வெளியானது, ஆனால் பரவவில்லை. நிலைத்தது 2014இல் ஆர்எஃப்சி 7348 ஆக வெளிவந்த விஎக்ஸ்லான்.

சர்வரிலிருந்து வந்த ஃப்ரேமை, சர்வர்கள் இணையும் லீஃப் ஸ்விட்ச் முழுதாக ஒரு யூடிபி பாக்கெட்டுக்குள் வைத்து, லீஃப்களை இணைக்கும் ஸ்பைன் ஸ்விட்சுக்கு அனுப்பும். இனி அது ஐபி பாக்கெட். ஆயுள் எண் தானாக வந்து சேர்ந்தது. ஸ்பைன் ஸ்விட்சுக்கு விஎக்ஸ்லான் என்றால் என்னவென்றே தெரிய வேண்டாம். அனுப்புபவர், பெறுபவர் முகவரிகள், புரோட்டோகால், இரண்டு போர்ட் எண்கள் ஆகிய ஐந்தையும் ஹாஷ் செய்து, சமமான பாதைகளில் ஒன்றைத் தேர்வது அதன் பழைய பழக்கம். இரண்டு லீஃப்களுக்கு நடுவே எத்தனை ஆயிரம் உரையாடல் நடந்தாலும் முகவரிகள் அவையே, புரோட்டோகால் அதுவே, டெஸ்டினேஷன் போர்ட் எப்போதும் 4789. அப்படியே விட்டால் நாலு ஸ்பைன் இருந்தும் எல்லாம் ஒரே வழியில் போய் நெரியும்.

மிச்சமிருப்பது பதினாறு பிட் சோர்ஸ் போர்ட். அந்த எண்ணுக்கு யாரும் பதில் அனுப்பப் போவதில்லை. யூடிபி கேட்கிறதே என்று எதையாவது எழுதி வைத்திருக்கலாம். உள்ளே இருக்கும் உரையாடலின் ஹாஷை அங்கே எழுதச் சொன்னார்கள். எவ்வளவு சிக்கனம்! உரையாடலுக்கு உரையாடல் எண் மாறுகிறது, நாலு பாதையும் நிறைகிறது. ஒரே உரையாடலுக்கு எண் மாறாததால் பாக்கெட்டுகள் முன்பின்னாகக் குழம்புவதும் இல்லை. ஸ்பைனின் சிப்பில் கை வைக்கவே வேண்டியிருக்கவில்லை. புதிதாக ஒன்றைச் சேர்க்காமல், இருக்கிற பழக்கத்துக்குச் சரியான தீனி போட்ட இந்த யோசனைக்கு ஈடாக இந்தத் துறையில் எனக்கு வேறொன்று தோன்றவில்லை.

2015இன் ஆர்எஃப்சி 7432, அதாவது ஈவிபிஎன், இதற்குத் துணை வந்தது. எந்த மேக் முகவரி எந்த லீஃபில் என்பதை பிஜிபி வழியே அறிவிக்கும் ஏற்பாடு அது. விர்ச்சுவல் மெஷின் வேறு ராக்குக்குக் குடிபெயர்ந்தால், புதிய லீஃப் வரிசை எண்ணை ஒன்று கூட்டி அறிவிக்கும். பெரிய எண்ணையே மற்றவை நம்பும். அதே முகவரி 180 வினாடிக்குள் ஐந்து முறை இடம் மாறினால் அதை ஈவிபிஎன் குடிபெயர்தல் என்று எடுத்துக்கொள்ளாது. நிர்வாகியை எச்சரித்துவிட்டு, அந்த ஒரு முகவரியின் அறிவிப்புகளை மட்டும் நிறுத்திவைக்கும். லிங்குகள் எல்லாம் திறந்தபடியே ஓடிக்கொண்டிருக்கும்.