பழைய லேசர் படகு

முதன்முதலாகப் பாய்மரப் படகு வாங்க நினைக்கும் இடப்பள்ளிக்காரர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பழைய லேசர் ஒன்றைத் தேடுங்கள். கனடாக்காரர் புரூஸ் கிர்பி வரைந்த படகு, 1971 முதல் விற்பனையில் இருக்கிறது. நீளம் 4.2 மீட்டர், உடல் எடை சுமார் 59 கிலோ. ஒரே ஆள், ஒரே பாய். பாய்மரம் இரண்டு துண்டாகக் கழன்றுவிடும். சின்ன டிரெய்லரில் ஏற்றிப் போல்காட்டி மெரினா வரை கொண்டுபோகலாம். சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியதும் இதே உடல்தான். பாயும் அதற்கேற்ப மரமும்தான் சிறியவை. இவ்வளவு குறைந்த பொருளில் இத்தனை வேகம் தரும் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

வாங்கும்போது பளபளப்பில் மயங்காதீர்கள், பாய்மரம் செருகும் குழியைப் பாருங்கள். அதில் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் காத்திருங்கள். மட்டம் இறங்கினால் அடியில் கசிவு. காற்றின் விசை முழுவதும் அந்தக் குழியில்தான் வந்து விழுகிறது. அது விட்டுப்போனால் நடுக்காயலில் மரம் மேல்தளத்தைக் கிழித்துக்கொண்டு சாயும். பிறகு மேல்தளத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் உள்ளே நுரையும் ஃபைபரும் பிரிந்திருக்கிறது. பாய்த்துணி மொடமொடத்தால் இன்னும் உயிர் இருக்கிறது. பழைய வேட்டிபோல் துவண்டால் காற்றைப் பிடிக்காது. மேலே தெரியும் கீறல்களைப் பொருட்படுத்த வேண்டாம்.

பிப்ரவரி, மார்ச் பிற்பகல்களில் கொச்சிக் காயலுக்குள் மேற்கிலிருந்து கடற்காற்று ஏறும். அதற்குள் வாங்கிவிடுங்கள். உயிர்காப்புச் சட்டை மட்டும் புதிதாக இருக்கட்டும்.