கட்டம் போட்ட கைலியும் காசிமேட்டு நீலமும்

சென்னையில் உள்அலங்காரத் தொழிலில் இருப்பவர்களுக்குக் கொஞ்ச நாளாக வடசென்னை மீது ஒரு மோகம். விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய்ப் படகுகளைப் படம் எடுக்கிறார்கள். ராயபுரத்துப் பழைய கிடங்குகளில் காரை உதிர்ந்து தெரியும் செங்கல்லைப் படம் எடுக்கிறார்கள். திருவொற்றியூர்ப் பக்கம் வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர் லாரிகளின் கன்டெய்னர்களையும் விடுவதில்லை. பிறகு தெற்கே ஏதோ ஒரு அடுக்ககத்தின் வரவேற்பறையில் துருநிறச் சுவரும் நெளிதகட்டுத் தடுப்பும் கைலிக் கட்டம் போட்ட மெத்தை உறையும் முளைக்கின்றன. எங்கிருந்து யோசனை கிடைத்தது என்று கேட்டால் துணி, நிறம், கலை, பயணம் என்று பதில் வருகிறது.

இதைக் கேலி செய்வது எளிது. உழைக்கிறவன் வாழ்க்கையைப் பணக்காரன் வீட்டுச் சுவருக்குத் திருடுகிறார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் அந்த வரி இந்த ஊரின் வரலாற்றோடு ஒத்துப்போகவில்லை.

மெட்ராஸ் துணிக்காகப் பிறந்த ஊர். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே இடம் பிடித்ததற்கு, இந்தப் பக்கத்தில் துணி மலிவு என்று கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் டே போட்ட கணக்கும் ஒரு காரணம். புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே துணி வெளுப்பவர்கள் குடியேறிய இடம்தான் வண்ணாரப்பேட்டை. 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட், திருவொற்றியூரில் நெசவாளர்களுக்கென்று ஒரு குடியிருப்பை ஏற்படுத்தினார். அதுதான் இன்றைய காலடிப்பேட்டை. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய துணி உடுத்த மட்டும் போகவில்லை. இங்கிலாந்திலும் ஹாலந்திலும் கட்டில் திரையாகவும் சுவர்த் தொங்கலாகவும் ஆனது. அந்நாடுகளில் படுக்கையறைகளின் தோற்றத்தையே மாற்றிய சரக்கு அது.

அந்த வடிவங்கள் 'தூய இந்திய' வடிவங்களும் அல்ல. சிவப்புத் தரையில் வரைந்த மெத்தைவிரிப்புகள் சரியாக விற்கவில்லை, வெள்ளைத் தரை அதிகம் வேண்டும் என்று 1643லேயே கம்பெனி இயக்குநர்கள் லண்டனிலிருந்து சூரத்துக்குக் கடிதம் எழுதினார்கள். பின்னாளில் நம் கரைக்கும் மாதிரிகள் வந்தன. அங்கிருந்து வந்த பூவை இங்கிருந்த கலம்காரி ஓவியர் தன் கைப்பழக்கத்தில் வரைந்தார். வேரும் கிளையுமாகத் துணி முழுக்கப் படரும் மரம் அப்படிப் பிறந்த கலப்புதான். இந்தத் துணி குவிவதைக் கண்டு இங்கிலாந்து நெசவாளர்கள் கொதித்ததில், அந்நாடு 1721இல் சட்டம் போட்டு, அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவும் வீட்டில் திரையாகப் பயன்படுத்தவும் தடை விதித்தது. அரைநூற்றாண்டு கழித்தும் நடிகர் டேவிட் காரிக்கின் வீட்டுக் கட்டிலுக்காக வந்த மசூலிப்பட்டினத்துத் துணியைச் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். அந்தக் கட்டிலும் துணியும் இன்று லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஆகவே ஓர் இடத்தின் துணியையும் நிறத்தையும் இன்னோர் இடத்து வீட்டுக்குள் கொண்டுபோவது தவறு என்று என்னால் சொல்ல முடியாது. இந்த ஊர் வாழ்ந்ததே அப்படித்தான். என் குறை வேறு. இன்றைய டிசைனர் பார்வையை மட்டும் எடுத்துக்கொண்டு பயன்பாட்டை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்.

கைலியையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணூருக்கு வடக்கே இருக்கும் பழவேற்காட்டின் பெயரில்தான் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கட்டம் போட்ட சாரோங்கை இன்றும் 'காயின் பெலேகாட்' என்கிறார்கள். மெட்ராஸ் கைக்குட்டை என்ற பெயரில் போன இன்னொரு கட்டத் துணி கரீபியத் தீவுகளில் பெண்களின் தலைக்கட்டாக ஆனது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். துணியில் குறிப்பிட்ட சில இழைகளைப் பிளேடால் அறுத்து உருவி, கட்டத்துக்குள் தங்கள் வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். கடன் வாங்குவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கட்டம் எப்படி நெய்யப்படுகிறது, எந்த இழையை எடுத்தால் துணி கிழியாது என்று தெரிந்தவர்களால்தான் அதைச் செய்திருக்க முடியும்.

துணியின் இயல்பு தெரியாமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் மெட்ராஸ் கட்டமே சாட்சி. 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர், பின்னாளில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கிய கேப்டன் கிருஷ்ணன் நாயரிடமிருந்து துணி வாங்கி, புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். குளிர்ந்த நீரில் தனியாகத் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை வாடிக்கையாளர் வரை போய்ச் சேரவில்லை. சலவை இயந்திரத்தில் போட்டதும் சாயம் ஒன்றோடொன்று கலந்துவிட, வழக்கு வரை பேச்சு போனது. கடைசியில் சாயம் போவதே இதன் சிறப்பு என்று விளம்பரம் செய்து தப்பித்தார்கள். விளம்பரம் காப்பாற்றிய அந்தச் சட்டையின் அதிர்ஷ்டம் உங்கள் சோபாவுக்கு இருக்காது. கைலித் துணி இடுப்பில் கட்ட நெய்தது: மெல்லியது, அடிக்கடி துவைத்து மாற்றுவது. அதை இழுத்துப் பிடித்து நாற்காலியில் ஆணியடித்தால் தையலோரம் விட்டுப்போகும், ஜன்னலோர வெயிலில் ஒரு பக்கம் மட்டும் வெளுக்கும். கழற்றித் துவைக்கும் உறையாகவோ திரையாகவோ தைத்தால் அதே துணி பல வருடம் உழைக்கும்.

நிறத்திலும் இதே கதை. காசிமேட்டுப் படகுகளின் நீலமும் பச்சையும் மீனவர்களின் கொண்டாட்ட மனநிலை என்று எழுதுபவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோரக் காவலுக்காகப் படகுகளுக்கு மாநிலவாரியாக நிறக் குறியீடு வந்தது. தூரத்திலிருந்து பார்த்து எந்த மாநிலப் படகு என்று தெரிந்துகொள்வதற்கான ஏற்பாடு அது. கடல்வெளிச்சத்தில், நாலா பக்கமும் நீர் ஒளியைத் திருப்பி அடிக்கும் இடத்தில், அந்த அழுத்தமான நிறம் கண்ணுக்கு இதமாக இருக்கும். பக்கத்துக் கட்டடம் மறைத்த பத்துக்குப் பன்னிரண்டு அறையில் எல்இடி விளக்கின் கீழே நாலு சுவருக்கும் அதைப் பூசினால் பகலிலேயே இருட்டும். ஒரு கதவுக்கோ அலமாரியின் உட்புறத்துக்கோ பூசிப் பாருங்கள், படகின் துள்ளல் அப்படியே வரும்.

நான் சற்றும் ஒத்துக்கொள்ள முடியாதது 'தொழிற்சாலைப் பாணி'தான். நியூயார்க்கில் ஆலைகள் காலியானபின் 1960களில் ஓவியர்கள் குறைந்த வாடகைக்கு அந்தக் கூடங்களில் குடியேறினார்கள். குழாயும் செங்கல்லும் வெளியே தெரிந்ததற்குக் காரணம் மூடப் பணமில்லாததுதான். இங்கே நல்ல பூச்சுச் சுவரின் மேல் செங்கல் ஓடு ஒட்டி, அதன்மேல் வார்னிஷும் அடிக்கிறார்கள். கடலோரக் காற்றின் உப்புக்குத் திறந்த செங்கல் பூத்து உதிரும் என்பது ராயபுரத்தில் எந்த வீட்டுக்காரரைக் கேட்டாலும் தெரியும். கன்டெய்னரை வெட்டி அறையாக்கும் மோகத்திலும் இதே குறைதான். உட்புற அகலம் ஏறத்தாழ 7 அடி 8 அங்குலம். நம் வெயிலுக்கு வெப்பத்தடுப்பு போடாவிட்டால் அந்த இரும்புப் பெட்டிக்குள் உட்கார முடியாது, போட்டால் அகலம் இன்னும் குறையும். தரைப் பலகையில் கப்பல் பயணத்துக்காகப் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள். அதை மாற்றாமல் குழந்தையைத் தவழ விடலாமா?

இதில் ஒரு கூச்சமும் எனக்கு உண்டு. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிந்து கிடக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், படகுகளையும் வலைகளையும் கருப்பாக்கியது. அங்கே குடியிருப்பவர் கறையைத் தேய்த்துக் கழுவுகிறார். வழவழப்பான டைல்ஸும் பளிச்சென்ற பெயிண்டும்தான் அவருக்கு வேண்டும். அவர் துடைத்துப் போட்டதை நாம் 'டெக்ஸ்சர்' என்று பெயர் வைத்து விலைகொடுத்து வாங்குகிறோம். ஆலைச் சுவர்களுக்கும் இதே கதிதான். பெரம்பூர் பின்னி ஆலையில் 1918இல் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் உருவாகி, நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஆலை மூடியபின் அதே கூடங்கள் சினிமா சண்டைக்காட்சிகளுக்குப் பின்னணி ஆயின. சுவர் மட்டும் மிஞ்சும்போது அந்தச் சுவருக்குள் நடந்தது எவ்வளவு சுலபமாகக் காணாமல் போகிறது!

அப்படியானால் வடசென்னையில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது, கேமராவில் விழாது, அவ்வளவுதான். கடற்கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பை அடுக்கடுக்காகப் பூசி, முட்டை வெள்ளைக்கருவும் தயிரும் சேர்த்துக் கல்லால் தேய்த்து மெருகேற்றினால் சுவர் சலவைக்கல் போலக் குளிர்ந்து மின்னும். மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு என்று வெள்ளைக்காரர்கள் வியந்து எழுதியது இதைத்தான். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லை நிறுத்தி மூலைவாட்டாக அடுக்கிக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை, கான்கிரீட்டைவிட வெயிலை நன்றாகத் தாங்கும். பழைய ராயபுரம் வீடுகளில் இன்னும் மிச்சமிருக்கிறது. இவை இரண்டையும் கேட்டு வரும் வாடிக்கையாளரைவிட, துருநிறம் கேட்டு வருபவர்களே அதிகம்.

அதைவிடப் பெரிய பாடம் ஹவுசிங் போர்டு வீடுகளின் ஒற்றை அறையில் இருக்கிறது. அங்கே பழைய சேலை தூளியாகிறது, கைலி குறுக்கே கட்டிய கொடியில் விழுந்து தடுப்பாகிறது, புதிதாக வந்த மருமகளுக்கு அதுவே தனியறை. காலையில் கடை, மதியம் சமையல், ராத்திரி ஐந்து பேருக்குப் படுக்கை என்று அறை வேளைக்கு வேளை மாறுகிறது. துணியால் சுவர் கட்டிக் கலைக்கும் இந்தத் திறமை வறுமையில் பிறந்ததுதான், அதை நான் அழகுபடுத்தப் போவதில்லை. ஆனால் அறுநூறு சதுர அடி அடுக்ககத்தில் பிளைவுட் தடுப்புக்கு லட்சக்கணக்கில் செலவழிப்பவருக்கு, ஒரு நல்ல திரைக்கம்பியும் நாலு முழம் கைத்தறித் திரையும் அதே வேலையைச் செய்துகொடுக்கும். படுக்கையறைக்கும் வேலை மேஜைக்கும் நடுவே திரை விழுந்தால் போதும்.

பயணம் வீண் என்று இதற்குப் பொருளில்லை. 1958இல் இந்திய அரசு அழைத்து வந்த வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியும் பயணிகள்தான். அவர்கள் நம் சொம்பைப் பார்த்து அதன் வளைவில் மயங்கி நிற்கவில்லை. இடுப்பில் வைத்தால் எப்படி உட்காரும், நிரம்பியபோது எடை எங்கே விழும், ஊற்றும்போது என்ன ஆகும், என்ன விலை ஆகும் என்று கேட்டுக்கொண்டே போனார்கள். அவர்கள் கொடுத்த அறிக்கையின் பேரில்தான் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961இல் வந்தது. காசிமேட்டுக்கு வரும் நம் டிசைனர்களிடம் அந்தக் கேள்விகளைத்தான் காணோம்.

வீடு கட்டுகிற, புதுப்பிக்கிற வாசகருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் டிசைனர் வடசென்னை பாணி என்று படங்களைக் காட்டினால், அந்தத் துணி எங்கே நெய்தது, சாயம் நிற்குமா, நெசவாளருக்கு என்ன போனது என்று கேளுங்கள். பதில் தெரியாதவருக்கு அந்த மெத்தை உறையின் விலைக்கு மேல் யோசனைக்கூலி கொடுக்காதீர்கள்.