என்ன கேஸ், சார்?

மீஞ்சூரில் ஏறி உட்கார்ந்து செல்போனில் சில ஓவியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்த்து, "நல்லாருக்கே, யார் சார் வரைஞ்சது?" என்றார். "ஜெயில்ல இருந்த ஒருத்தர்" என்றேன். நந்தியம்பாக்கம் வருவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது: "என்ன கேஸ்?"

வரைந்தவர் மயூரன் சுகுமாரன். பூர்வீகம் இலங்கை, பிறந்தது லண்டனில், வளர்ந்தது சிட்னியில். 2005-ல் பாலித் தீவில் ஹெராயின் கடத்தல் வழக்கில் பிடிபட்டு மரண தண்டனை பெற்றார். கெரோபோகான் சிறையில் ஓவியம் பழகினார். ஆஸ்திரேலிய ஓவியர் பென் குவில்டி குருவானார். 2015 ஏப்ரல் 29-ம் தேதி மயூரனைச் சுட்டுக் கொன்றார்கள். 2017 ஜனவரியில் சிட்னியை அடுத்த கேம்ப்பெல்டவுன் கலை மையத்தில் அவருடைய படங்களை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள்.

சாவைத் தெரிந்துகொண்டு பார்த்தால் சுமாரான படம்கூடக் கண்ணைக் கலங்க வைக்கும். அதனால் கொஞ்சம் கறாராகவே பார்த்தேன். பல படங்களில் வண்ணத்தை அப்பும் விதத்தில் குருவின் கை தெரிகிறது. ஆனால், கடைசி நாட்களின் சுய உருவங்களில் குரு இல்லை. இந்தோனேசியக் கொடியை வரைந்திருக்கிறார். மேல்பாதிச் சிவப்பு, கீழ்பாதி வெள்ளையின் மேல் ரத்தமாக வழிகிறது. அனுதாபம் இல்லாமலே நிற்கக்கூடிய படம்.

'ஹெராயினில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அந்த ஹாலுக்குள் வந்தால்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரிட்டனில் எழுத்தாளர் ஆர்தர் கோஸ்லர் 1962-ல் கைதிகளின் கலைக்குப் பரிசுத் திட்டம் தொடங்கினார். அதையொட்டிய கண்காட்சிகளில் படம் விற்ற பணத்தில் ஒரு பங்கை, குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் அமைப்புக்கே கொடுத்தார்கள். அந்தத் தாய்க்கு இது பதிலாகாதுதான். ஆனால், அவளை மறந்துவிட்டுக் கண்காட்சி நடத்தவில்லை என்பதாவது தெரியும்.

எங்கள் ஊரிலிருந்து செங்குன்றம் வழியாகப் போனால் புழல் சிறை. அங்கே கைதிகள் செய்யும் ரொட்டியை வாங்கும்போது யாரும் கேஸ் கேட்பதில்லை. ரொட்டியைத் தின்றால் தீர்ந்துபோகும். படம் அப்படியில்லை, அதில் இருக்கும் முகம் நம்மைத் திரும்பிப் பார்க்கிறது. அந்தச் சங்கடத்துக்காகவே புழல் ஓவியங்களையும் நாலு பேர் வந்து போகிற இடத்தில் மாட்ட வேண்டும். வரைந்தவன் செய்ததை மறைக்க வேண்டாம்; மன்னிக்கவும் வேண்டாம். படம் நல்லதா, இல்லையா என்று மட்டும் சொன்னால் போதும்.

கேஸைச் சொன்னேன். சீட்காரர் முகம் சுருங்கியது. எண்ணூர் வரைக்கும் பேச்சில்லை. அப்புறம், "அந்த மூஞ்சிய இன்னொரு தடவை காட்டுங்க" என்றார்.